சத்தம் போடாத பிள்ளை

மாங்கரே, ஆக்லாந்து
மார்ச் 11, 1996

அன்புள்ள தெலேசியா அக்கா,

இதை நின்றுகொண்டு படிக்காதே. சுவரில்லாத வீட்டில் தனியாக உட்காருவது எப்படி என்று கேட்பாய். ஓலைத் தட்டியையாவது இறக்கிவிட்டு உட்கார்.

வைசீனா நன்றாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை செமிசி வேனைப் பின்பக்கமாக எடுத்தார். அதற்குப் பின்னால் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து வைசீனா சாக்பீஸால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கத்தினேன் அக்கா. தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுத் தோங்காக்காரியும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் செமிசி ஹார்னை அழுத்திக்கொண்டே வண்டியை நகர்த்துகிறார். இத்தனை சத்தத்துக்கும் அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மீனுக்குச் செதில் வரைந்துகொண்டிருந்தாள்.

தோங்காக்காரி வேலியைத் தாண்டிக் குதித்து வேன் கதவில் அறைந்தாள். வண்டி நின்றபோது அதன் பின்பக்கம் வைசீனாவின் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மீனைக் காட்டினாள்.

செமிசிதான் முதலில் சொன்னார். "எபனேசா, இந்தப் பொண்ணுக்குக் காது கேக்கலடி." நான் அவரைப் பிடித்துச் சண்டை போட்டேன். எங்க அக்கா பிள்ளையை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது என்று.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதில் பெரிய மூடி மாதிரி ஒன்றை மாட்டி, கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கட்டையைப் பெட்டியில் போட வேண்டும். எப்படியென்று செய்து காட்டினார்கள், அவளும் புரிந்துகொண்டாள். கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். வைசீனா காத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள், எப்போது ஆரம்பிப்பார்கள் என்பது மாதிரி.

இரண்டு காதும்தான் அக்கா. பக்கத்தில் எழும் பெரிய சத்தம் கொஞ்சம் விழுமாம். பேச்சு விழாதாம். பிறவியிலேயே இருந்திருக்கும் என்கிறார்கள்.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் இருக்கும் ஒரே போனில் நீ பேசினால் கடைக்காரரிலிருந்து ரொட்டி வாங்க வந்தவர்கள் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வந்தபோது அவளை என் மடியில் உட்காரவைத்து நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "என் புள்ளைங்கள்லேயே சத்தம் போடாத புள்ள இவதான். உனக்குன்னு பொறுக்கி எடுத்தது." அந்தச் சொல் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எபனேசா


சாவாயி, சமோவா
ஏப்ரல் 2, 1996

எபனேசா,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். படித்ததும் எழுந்துவிட்டேன்.

என் பிள்ளை செவிடா? யார் சொன்னது? பொத்தான் அழுத்தும் ஒரு வெள்ளைக்காரியா? ஐந்து வருஷம் நான் வளர்த்தேன். நீ வளர்த்தது மூன்று மாதம். இந்த ஊரில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒரு குறை சொல்லாமல் விடாத போதகரம்மா, வைசீனாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. "தெலேசியா, உம் மூணாவது பொண்ணு மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும், கோயில்ல பிரம்பே தேவையில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். பெரியவர்கள் பேசும்போது இடையில் புகுந்தாளா? எதிர்த்துப் பேசினாளா? மாலையில் ஜெபத்துக்குச் சங்கு ஊதினால் முதல் ஆளாக உள்ளே வந்து சப்பணம் போட்டு உட்காருவாள். கேட்காமலா வந்து உட்கார்ந்தாள்?

இதற்கும் பதில் சொல். போன வெள்ளை ஞாயிற்றில், பிள்ளைகளுக்கான அந்தத் திருநாளில், வெள்ளை உடுப்பு போட்டு, கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று, தன் வசனத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். உச்சரிப்பு கொஞ்சம் மழலையாக இருந்தது, அவ்வளவுதான். கூச்சப்படும் பிள்ளை. செவிடு வசனம் சொல்லுமா?

உனக்குப் பிள்ளை இல்லையே என்று என் வயிற்றில் பிறந்ததை உனக்குக் கொடுத்தேன். கழித்துப்போட்டதையா கொடுத்தேன்? இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்தேன். ஓட்டைப் படகைத் தலையில் கட்டிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். வாயாடி வேண்டுமென்றால் என் பிள்ளைகளில் லேசாவைக் கேட்டிருக்கலாமே, அவள் வாயை மூடுவதே தூங்கும்போதுதான்.

பின்னால் வருகிற வேனைக் கவனிக்காமல் வரைந்தாள் என்றால் அது வரைகிற ஆசை. உன் புருஷனைக் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டச் சொல்.

பாரமாக இருந்தால் திருப்பி அனுப்பு. அக்டோபரில் வெள்ளை ஞாயிறு வருகிறது. அதற்குள் அவள் இங்கே இருக்க வேண்டும். இந்த வருஷமும் அவள் வசனம் சொல்லி ஊர் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஜனவரியில் பிறந்த தொமாசி அவளை உரித்து வைத்திருக்கிறான். பாட்டுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனால் முரசுக்குப் பக்கத்தில் கிடந்து அப்படியே தூங்குகிறான். இன்னொரு வைசீனாவைக் கடவுள் கொடுத்திருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனையும் யாரும் பொத்தான் அழுத்திச் சோதிக்க வேண்டாம்.

தெலேசியா


மாங்கரே
மே 6, 1996

அக்கா,

திட்டு. திட்டிவிட்டுப் படி.

காதுக்குள் ஏதோ பசை மாதிரி ஊற்றி அச்சு எடுத்தார்கள். அதற்குப் பொருத்தமாகக் காது கேட்கிற மிஷின் வந்தது, இரண்டு காதுக்கும். காதுக்குப் பின்னால் வாழைப்பிஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மாட்டி, பொத்தானைத் திருப்பினதும் அவள் முகம் போன போக்கை எப்படி எழுதுவேன்? பயந்துபோய் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியை யாரோ நகர்த்தினார்கள், அலறினாள். தன் அலறல் தனக்கே கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள் அக்கா. தன் குரலைத் தேடினாள். பொத்தான் அழுத்துகிற அம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நீ வெள்ளைக்காரி என்று கரித்துக்கொட்டினாயே, அவள்தான்.

வீட்டுக்கு வந்தும் அதிர்ச்சி தீரவில்லை. குழாயைத் திறந்தால் ஓடிவந்து எட்டிப் பார்க்கிறாள். கக்கூஸ் தண்ணீர் விட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மழை தகரக் கூரையில் விழுந்தபோது கூரையைக் காட்டி, காதைக் காட்டி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாவாயியில் ஐந்து வருஷம் மழையில் வாழ்ந்த பிள்ளை.

வசனத்தைப் பற்றிக் கேட்டாயே. நானும் அதையேதான் முதலில் கேட்டேன். அப்புறம் சோதித்துப் பார்த்தேன். மிஷின் இல்லாமல் என் முன்னால் நிறுத்தி, வசனத்தை நான் வாயசைக்க, அவளும் சொன்னாள். அழகாகச் சொன்னாள். பிறகு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாதியில் நின்றுவிட்டது. திரும்பினேன், விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

அக்கா, வெள்ளை ஞாயிற்றில் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்? எல்லா அம்மாக்களும் உட்காருகிற முன்வரிசையில். எல்லா அம்மாக்களையும் போல வாயை அசைத்துக்கொண்டு. அவள் ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை, உன் வாயைப் பார்த்துச் சொன்னாள்.

சங்கும் அப்படித்தான். மற்ற பிள்ளைகள் எழுந்தால் அவளும் எழுந்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்தால் அவளும் குனிந்தாள். யாருக்கும் எதிர்த்துப் பேசவில்லைதான். என்ன பேசினார்கள் என்று தெரிந்தால்தானே எதிர்ப்பதற்கு.

பேச்சுப் பயிற்சிக்கு மிஸஸ் ஹாலம் என்று ஒரு டீச்சர். ஐந்து வயது என்பது தாமதம் என்கிறார். கைக்குழந்தையிலேயே போட்டிருந்தால் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே பேசியிருப்பாளாம். இப்போதும் பேசுவாள், ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் மிஷின் காதில் இருக்க வேண்டும், நாம் வாய் ஓயாமல் அவளோடு பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் இன்னொருத்தர், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார். "அப்புறம் அவ அம்மாகிட்ட அவ எதுல பேசுவா?" என்று கேட்டேன். மிஸஸ் ஹாலம் சிரித்துவிட்டு, நீங்கள் எதில் அழுவீர்களோ அதில் பேசுங்கள் என்றார். ஆக, சமோவன்தான் பேசுகிறேன். நாள் முழுக்கப் பேசுகிறேன், என் அத்தை வீட்டு வம்பிலிருந்து சேம்பு வேகிற கதை வரைக்கும்.

இப்போது திருப்பிக் கேட்காதே அக்கா. கெஞ்சுகிறேன்.

எபனேசா


சாவாயி
ஜூன் 3, 1996

எபனேசா,

உன் கடிதத்தை அவள் அப்பா உலியிடம் படித்துக் காட்டினேன். வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார், மீனில்லாத நேரத்தில்.

முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயை அசைத்தேன். எல்லாரும் அசைப்பதுதானே.

வேறு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் அவள் கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அலை ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். வரவில்லை. இன்னும் கூப்பிட்டேன். திரும்பக்கூட இல்லை. போய் முடியைப் பிடித்து இழுத்துத் தென்னை ஈர்க்கால் காலில் வைத்து விளாசினேன். "கூப்பிட்டா வரமாட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கீழ்ப்படியாத நாள் என்று எனக்கு ஞாபகமிருப்பது அந்த ஒரு நாள்தான்.

அங்கேயே இருக்கட்டும். ஆனால் வெள்ளை ஞாயிற்றுக்குக் கூட்டி வா. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் மிஷின் வேலை செய்கிறதென்றால் இந்த ஊருக்கு அது தெரியட்டும்.

கோயிலுக்குள் வரும்போது மட்டும் அதைக் கழற்றிவிடு. இல்லையென்றால் முடியை மேலே வாரிவிட்டுப் பூ வைத்து மறை. இங்கே எல்லாரும் பார்ப்பார்கள். என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். தெலேசியா செவிட்டைத் தங்கச்சிக்குத் தள்ளிவிட்டாள் என்பார்கள்.

தெலேசியா


மாங்கரே
ஜூலை 29, 1996

அக்கா,

பேசுகிறாள். ஆனால் நீ சந்தோஷப்படுவதற்கு முன்னால் என்ன பேசுகிறாள் என்று கேட்டுக்கொள்.

போன ஞாயிறு எங்கள் கோயிலில். போதகர் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார், ஊசி விழுந்தால் கேட்கும். அவள் தலையைச் சாய்த்து என் தோளில் வைத்தாள், மிஷின் விசில் அடித்தது. கொஞ்சம் தளர்ந்திருந்தால் அப்படித்தான் அடிக்கும். ஜெபம் நின்றது. அத்தனை தலையும் திரும்பியது. செமிசி என்னை முறைக்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். வைசீனா மட்டும் என்ன நடந்தது என்று கேட்டாள், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி. "யார் விசில்?"

அது போகட்டும். வெளியே வரும்போது போதகர் பெரிய மனசோடு குனிந்து, கன்னத்தைத் தட்டி, ஏதோ கேட்டார். இவள் அவர் முகத்துக்கு நேராகப் பார்த்து, "புரியல. திருப்பிச் சொல்லு" என்றாள். சொல்லு! போதகரிடம்! மரியாதையாக ஒரு சொல் இல்லை, தலையைக் குனியவில்லை. அவர் திருப்பிச் சொன்னார். "மெதுவா" என்றாள். செமிசி அப்படியே வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எங்களுக்குள் ஒரே சண்டை. "பேச வைக்கிறேன்னு ஒரு ரவுடியை வளர்க்கிற" என்றார். மறுநாள் மிஸஸ் ஹாலமிடம் வெட்கத்தோடு இதைச் சொன்னேன். அந்த அம்மாள் கை தட்டினார் அக்கா! புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தேன் என்கிறார். கேள்வி கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லட்டும், நடுவில் புகுந்து பேசட்டும், முகத்தைப் பார்க்கட்டும், அதைத் தடுத்தால் பேச்சும் நின்றுவிடும் என்றார். நம் வீட்டில் எதற்கெல்லாம் அடி விழுமோ அதற்கெல்லாம் இங்கே கைதட்டல். எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் அவள் "மாட்டேன்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

அக்டோபரில் கூட்டி வருகிறேன். கோயிலில் மிஷினைக் கழற்ற மாட்டேன், பூ வைத்து மறைக்கவும் மாட்டேன். உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அவள் உன்னிடமும் இப்படிப் பேசினால் என்ன செய்வாய்?

எபனேசா


சாவாயி
ஆகஸ்ட் 20, 1996

எபனேசா,

போதகரிடம் "சொல்லு" என்றாளா? படித்ததும் கையிலிருந்த கோகோக் கஞ்சியைக் கொட்டிவிட்டேன்.

என்ன செய்வேன் என்று கேட்கிறாய். பெற்றவளுக்குத் தெரியும் என்ன செய்வது என்று. பேசட்டும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எங்கே பேசக்கூடாது என்றும் தெரிய வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.

வசனம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் அவளுக்கு நீளமானது கேட்டு வாங்கியிருக்கிறேன். வெள்ளைத் துணியும் தைக்கக் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் முதலில் சாப்பிடும் நாள் அது, அவளுக்குப் பிடித்த டின் மாட்டிறைச்சி வைத்திருக்கிறேன். அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதையும் எழுதிவிட்டேன், போ.

தெலேசியா


மாங்கரே
அக்டோபர் 25, 1996

அக்கா,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். எனக்கு இருக்கும் கோபத்துக்கு உன்னிடம் நின்று விடைபெற்றிருந்தால் பேசக்கூடாததைப் பேசியிருப்பேன். அதனால்தான் விடிந்ததும் முதல் படகைப் பிடித்தேன்.

கோயிலில் நடந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. வெள்ளை உடுப்போடு எழுந்து நின்றாள். நீ வழக்கம்போல முன்வரிசையில் வாயை அசைக்க ஆரம்பித்தாய். அவள் உன்னைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்க, "அம்மா, நீ வாய அசைக்காத. எனக்கே தெரியும்" என்றாள். போதகரம்மா விசிறியைக் கீழே போட்டார். உன் முகம் செத்துவிட்டது. அவள் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு அந்த நீளமான வசனத்தை, யார் வாயையும் பார்க்காமல், ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். நீ அதைக் கேட்டாயா? இல்லை, ஊர் என்ன நினைக்கிறது என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? வீட்டுக்கு வரும் வழியில் அவளோடு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, அவமானம், புரிகிறது.

ஆனால் திங்கட்கிழமை நடந்தது எனக்குப் புரியவில்லை. பாயில் தொமாசிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள். மிஸஸ் ஹாலம் இவளுக்குச் செய்வது அது, விளையாட்டுப் போல இருக்கும். தட்டினாள், தரையில் கரண்டியால் அடித்தாள், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு தன் காதிலிருந்து மிஷினைக் கழற்றி அவன் காதில் வைக்கப் பார்த்தாள். "தம்பிக்கும் போடணும். தம்பி என்ன மாதிரி."

நீ பாய்ந்து வந்து அவள் கையில் அடித்தாய். "தம்பிக்குச் சாபம் போடுறியா? வாயில நல்ல வார்த்தை வராதா? பேசு பேசுன்னு இதுக்கா பேச வச்சாங்க?" மிஷின் தெறித்துப் போய்க் கல்லில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு உன் வாயையே பார்த்தாள்.

அச்சு உடைந்துவிட்டது. புதியது வந்துவிட்டது. மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். கிட்டே கொண்டுபோனால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். விமானத்தில் பேசவில்லை, வீட்டில் பேசவில்லை, மிஸஸ் ஹாலமிடமும் பேசவில்லை. சாப்பிடு என்று கையைக் காட்டினால் சாப்பிடுகிறாள். செமிசியின் அம்மா வந்து பார்த்துவிட்டு, "அட, எவ்வளவு அடக்கமா ஆயிட்டா" என்றார்.

சந்தோஷப்படு அக்கா. நீ பொறுக்கிக் கொடுத்த பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டது.

எபனேசா


சாவாயி
நவம்பர் 8, 1996

எபனேசா,

உன் கடிதம் நேற்று வந்தது. அது வருவதற்கு முன்னாலேயே இதை எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீங்கள் போனபிறகு அவள் சொன்னது என்னை விடவில்லை. தம்பி என்ன மாதிரி. ஒரு பிள்ளை எதற்கு அப்படிச் சொல்லும்? வீட்டு வேலை செய்துகொண்டே அவனைப் பார்ப்பேன், பார்வையைத் திருப்பிக்கொள்வேன். கூப்பிட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. முன்னால் போய்ச் சிரித்தால் சிரிக்கிறானே, அது போதும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் பிஸ்கட் டின்னை எடுத்தேன். அந்த மூடி திறக்கிற சத்தம் உனக்குத் தெரியும், கடற்கரையில் இருக்கிற பிள்ளைகூட ஓடிவரும். தொமாசி பாயில் உட்கார்ந்து ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் போனேன். மூடியைத் திறந்தேன். திரும்பவில்லை. மூடியால் டின்னை அடித்தேன். லேசா ஓடிவந்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நாய் வந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன் எபனேசா, பைத்தியம் பிடித்தவள் மாதிரி, டின் நசுங்க நசுங்க. அவன் எறும்பின் மேல் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். உலி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

சத்தம் கேட்டுப் போதகரம்மாவும் வந்துவிட்டார். நடுவில் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்து, "இவ்வளவு அமளியிலயும் பாரு, என்ன பொறுமை. அப்படியே அவன் அக்கா" என்றார்.

"பொறுமை இல்லம்மா! அவனுக்குக் கேக்கல! ரெண்டு பேருக்கும் கேக்கல! நாமதான் மெச்சி மெச்சி விட்டுட்டோம்!" என்று கத்திவிட்டேன். போதகரம்மாவிடம். முகத்துக்கு நேராக. இந்த ஊரில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் தரையில் உட்கார்ந்து தொமாசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குள் இருந்தது எல்லாம் அப்போதுதான் உடைந்து வந்தது.

பத்து மாதம். கைக்குழந்தையிலேயே போட்டால் என்று நீ மே மாதம் எழுதியதைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அந்த வரியை நான் அப்போது படித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. வைசீனாவுக்கு ஐந்து வருஷம் நான் தொலைத்துவிட்டேன். இவனுக்குத் தொலைக்க மாட்டேன். உலி ஆபியாவுக்குப் போய் நானும் தொமாசியும் உன்னிடம் வருவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டைப் போதகரம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றார், மற்ற பிள்ளைகளையும் சேர்த்து.

அவளை அடித்தது சாபத்துக்குப் பயந்து இல்லை. அவள் சொன்னது எனக்குள்ளும் எங்கோ இருந்தது. என் வாயில் வராததை அவள் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் அடித்தேன்.

அவள் மிஷினை மாட்டிக்கொள்ள வேண்டும். பேச வேண்டும். எனக்கு இப்போது வேறெதுவும் வேண்டாம். நான் சொல்கிறபடி செய். முதலில் அவள் முன்னால் உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்துச் சொல்: "தம்பி வர்றான். அவனுக்கு மிஷின் எப்படி மாட்டணும்னு அக்காதான் காட்டணுமாம், அம்மா சொன்னா." அதற்கு மாட்டிக்கொள்வாள். என் பிள்ளை, எனக்குத் தெரியும்.

மாட்டிக்கொண்டதும் அவள் வரைய உட்காருவாள். அப்போது நீ எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போ. கூட்டமாகக் கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொல். "வைசீனா, நீ சொன்னதுதான் சரின்னு அம்மா சொன்னா."

திரும்பினாளா என்று மட்டும் உடனே எழுது. கடைக்காரர் கேட்டாலும் பரவாயில்லை, போன் பண்ணு.

தெலேசியா